துணியில் ஒரு தறிக்கூடம்

மூன்றாவது முறை ஏற்றியபோதுதான் துணியால் தைத்த சுவர் சுருக்கமில்லாமல் நின்றது. அதற்குப் பிறகும் ஒரு தப்பு மிச்சமிருந்தது. அதை ஆயா, என் பாட்டி, கண்டுபிடித்தாள். அதையும் சரிசெய்து இரண்டு நாள் ஆகிறது. அளவெல்லாம் மறந்துபோகும் முன்னே எழுதி வைத்துவிடுகிறேன். பெரிய அளவில் துணியைத் தொங்கவிட்டு வேலை செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் தாத்தா வீடு. முன்னால் திண்ணை, உள்ளே நுழைந்ததும் தறிக்கூடம், அதற்குப் பின்னால் சமையல்கட்டு. தாத்தா குழித்தறியில் லுங்கி நெய்தார். சித்தப்பா காலத்தில் விசைத்தறி வந்து, தறிகள் பின்தெரு ஷெட்டுக்குப் போய்விட்டன. தறிக்கூடம் வெறும் கூடமாக நின்றது. போன வருஷ மழையில் தெற்குச் சுவர் இறங்கிவிட்டது. இடிப்பதைத் தவிர வழியில்லை என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். நான் துணிமேல் துணியை வெட்டி வைத்துத் தைக்கும் ஒட்டுத்தையல் வேலை செய்கிறவள். இடிப்பதற்கு முன் அந்த ஒரு அறையை மட்டும், அதே அளவில், ஆள் உள்ளே நடந்து போகிற மாதிரி துணியில் எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

இடிக்க ஆள் வருவதற்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் டேப்பும் சாக்பீஸுமாக அங்கேயே இருந்தேன். நீளம் 14 அடி, அகலம் 9 அடி, சுவர் உயரம் 8 அடி. வாசல் அகலம் 3 அடி. தறிக்குழி இரண்டடி ஆழம். எப்போதோ மண் போட்டு மூடி, மேலே சிமென்ட் பூசியிருந்தார்கள். ஆனால் அந்த இடத்தில் சிமென்ட் நிறம் வேறாக இருந்ததால் அதன் நீள அகலத்தை அளவெடுக்க முடிந்தது. விளக்கு மாடத்தின் மேல் செய்தித்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அதன் வளைவையும் மேலே படிந்த கரிப்புகையின் உருவத்தையும் எடுத்துக்கொண்டேன். மாடத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 4 அடி 2 அங்குலம். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தது எவ்வளவு நல்லது என்று கடைசியில்தான் தெரிந்தது.

வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு தினசரி நாட்காட்டி மாட்டிய ஆணிகள் இருந்தன. ஒன்று தமிழ், ஒன்று தெலுங்கு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை மாறியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. அதிலிருந்து வீட்டுக்குள் தமிழ், ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் தெலுங்கு. கிருத்திகை, அமாவாசை பார்க்கத் தமிழ் நாட்காட்டி. லீவு நாள் பார்க்கத் தெலுங்கு நாட்காட்டி. ஆணி இருந்த இடத்தையும் குறித்துக்கொண்டேன். இரண்டு நாட்காட்டியையும் பிறகு ஒட்டுத்தையலில் போட்டேன்.

சுவருக்கு என்ன துணி என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அந்த அறையில் நெய்தது லுங்கி; சுவரும் லுங்கிதான். சித்தப்பா பழைய சரக்கில் விற்காமல் தங்கிய 18 லுங்கிகளைக் கொடுத்தார். பச்சைக் கட்டம், நீலக் கட்டம், இரண்டு மூன்று மெரூன். ஒரு லுங்கி இரண்டு மீட்டர் நீளம், ஏறக்குறைய 300 கிராம். வாசலை விட்டுவிட்டால் சுற்றளவு 43 அடி. தையலில் போவதையும் சேர்த்து 18 சரியாக வந்தது. உள்பக்கத்துக்குக் காடாத்துணி 42 மீட்டர், மீட்டர் 48 ரூபாய். சுவரில் இருந்த பொருள்களுக்கு, அதாவது மாடம், ஜன்னல், நாட்காட்டி, உறியில் தொங்கிய பானை இவற்றுக்கெல்லாம், ஆயாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த சேலைகள்.

பழைய சேலையை வெட்டுவதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். மடிப்பு விழுந்த இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பட்டுச்சேலை என்றால் கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆயாவின் கல்யாணப் பட்டு பார்க்கப் புதிது போல இருந்தது. இழுத்ததும் மடிப்போடு மடிப்பாகக் காகிதம் மாதிரி கீறியது. அதை வெட்டவில்லை, திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். நூல்சேலைகள் எல்லாம் நன்றாகத் தாங்கின. ஐம்பது வருஷம் துவைத்த பருத்திக்கு வரும் அந்த மென்மை எந்தப் புதுத்துணிக்கும் வராது. ஊசி தானாக இறங்குகிறது.

சாயம் இறங்குவதில்தான் முதல் அடி விழுந்தது. அரக்குச் சேலை ஒன்றிலிருந்து ஜன்னல் சட்டம் வெட்டினேன். சாயம் போகாமலிருக்க உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்று எல்லோரும் சொல்வதுதான். நானும் அப்படியே ஒரு ராத்திரி ஊறவைத்து, காயவைத்து, வெளிர்நீலத் துணியில் தைத்துவிட்டேன். ஒருநாள் சாரல் அடித்து ஓரம் நனைந்தது. காலையில் பார்த்தால் நீலத்தில் ரோஜா நிறம் பரவியிருக்கிறது. உப்பும் வினிகரும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதன் பிறகு வழக்கத்தை மாற்றினேன். ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகச் சோப்புப் போட்ட சுடுதண்ணீரில், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுவது. அப்புறம் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பது. வெள்ளையில் நிறம் ஏறினால் மறுபடி அலசல். அரக்குச் சேலை ஒன்பது அலசு வாங்கியது. மெரூன் லுங்கி ஒன்று பன்னிரண்டு அலசியும் நிற்கவில்லை. அதைச் சேர்க்கவே இல்லை. அதற்குப் பதில் சித்தப்பாவிடம் இன்னொரு பச்சை வாங்கிக்கொண்டேன்.

காடாத்துணியைக் கடுக்காயில் தோய்த்தேன். புகை குடித்த சுண்ணாம்புச் சுவருக்கு இருக்கும் மங்கலான மஞ்சள் வேண்டும் என்பதற்காக. துணி நாலு கிலோவுக்குச் சற்று அதிகம். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் ஒரு கிலோ. முதல்நாள் ராத்திரி தூளை ஊறவைத்து, வடிகட்டி, மறுநாள் துணியை ஒரு மணி நேரம் அதில் புரட்டிப் புரட்டி எடுத்து, பிழிந்து, வெயிலில் உலர்த்தினேன். நிறம் நினைத்தபடி வந்தது. இந்தக் கடுக்காய் பின்னால் என்ன செய்யப்போகிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

தைத்து முடிக்க ஐந்து மாதம். மோட்டார் வைத்த சாதாரண தையல் மெஷின், 16-ஆம் நம்பர் ஊசி. ஒட்டுத்தையலின் ஓரங்களை மட்டும் கையால் தைத்தேன். இதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகுவலிக்கு மேஜையை நாலு செங்கல் உயர்த்தியது நல்ல முடிவு.

சரி, தொங்கவிட்ட கதைக்கு வருகிறேன்.

இடம், பின்தெருவில் சித்தப்பாவின் ஷெட். தறிகளை இரும்பு விலைக்குப் போட்டாகிவிட்டது, ஷெட் காலி. இரும்புச் சட்டம் 13 அடி உயரத்தில் இருக்கிறது. முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பில் பெட்டி மாதிரி ஒரு சட்டகம் செய்தேன். மேலே சுற்றிவர மூன்று நீளம், நாலு மூலைக் கால்களுக்கு இரண்டு நீளம், ஆக ஐந்து பைப். ஒன்று 900 ரூபாய். துணியின் ஓரத்தில் அடிக்கு ஒரு பித்தளை வளையம் அடித்து, நைலான் கயிற்றால் பைப்போடு நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். சுவர் என்றால் விறைப்பாக நிற்க வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது.

கட்டி முடித்த அன்று ராத்திரி பார்க்க நன்றாகவே இருந்தது. காலையில் ஒவ்வொரு வளையத்திலிருந்தும் விசிறி மாதிரி சுருக்கம் கிளம்பியிருந்தது. இன்னும் இழுத்தேன். இழுத்த இடத்தில் சுருக்கம் போய் அடுத்த இடத்தில் வந்தது. மூன்றாம் நாள் தெற்குப் பக்கம் இரண்டு வளையங்கள் துணியைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டன. கிழிந்தது ஆயாவின் ஊதாச் சேலைத் துண்டு. அன்றைக்கு எல்லாவற்றையும் இறக்கி மடித்து வைத்துவிட்டு, இரண்டு வாரம் ஷெட் பக்கமே போகவில்லை.

சித்தப்பாதான் வந்து, "ஏம்மா, துணி மடிச்சே கெடக்குது?" என்று கேட்டார். காட்டினேன். கிழிந்த ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "தறியில பாவு நூலை ஆணி அடிச்சா இழுத்து வெச்சிருக்கோம்? பின்னால பாவு உருளையில கயிறு சுத்தி எடைதானே தொங்குது. துணி போகப் போக எடை கூடவே வரும். நீ ஆணி அடிச்ச மாதிரி கட்டிட்ட, அது எங்க போவும்?" என்றார். அப்புறம் ஷெட்டின் மூலையில் இருந்த சாக்கு மூட்டையைக் காலால் தள்ளிக் காட்டினார். தறிகளை விற்றபோது தனியாக எடுத்து வைத்த வார்ப்பிரும்பு எடைகள். ஒவ்வொன்றும் ஒன்றேகால் கிலோ. ஒரு பக்கம் கயிறு தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருந்தது. கட்டைவிரல் அதில் அப்படியே போய் உட்கார்ந்தது.

இதைக் கேட்டபின் எனக்குத் தேர்ச்சீலை நினைவுக்கு வந்தது. தேரில் தொங்கும் தொம்பையையும் (உருளை மாதிரித் தைத்த துணி) அசைமாலையையும் யாரும் நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவதில்லை. மேலே பிடிப்பு, உள்ளே வளையம், மற்றதெல்லாம் அதன் எடையிலேயே நிற்கிறது; காற்று வந்தால் ஆடிவிட்டுத் திரும்ப வந்து நிற்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒட்டுத்தையலில் அவற்றைச் செய்கிறவர்களிடம்தான் நான் இந்த வேலையின் அடிப்படையைப் பழகினேன். பழகியும், சுவர் என்ற வார்த்தையில் மாட்டிக்கொண்டு, துணி எப்படி நிற்கும் என்பதை மறந்திருக்கிறேன்.

இரண்டாம் முறை மூலைக் கால்களை எடுத்துவிட்டேன். வளையங்கள் அடித்த ஓரத்தை வெட்டிவிட்டுப் புதுப்பட்டை வைத்து, பாவாடைக்கு நாடா கோக்க மடிப்பது போல மேலே மூன்று அங்குலம் மடித்துத் தைத்து, அதற்குள் பைப்பை நுழைத்தேன். பைப்பை ஷெட்டின் சட்டத்திலிருந்து 12 இடங்களில் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். கீழே இரண்டடிக்கு ஒன்றாக 22 எடைகள். இதிலும் ஒரு கோளாறு. எடை தொங்கிய இடமெல்லாம் கீழே இறங்கி, நடுவே மேலே ஏறி, ஓரம் தோரணம் மாதிரி வளைந்துவிட்டது. துணியின் மேல் நீள நீளமாகக் கோடு விழுந்தது. எடை ஒரு புள்ளியில் இழுக்கக் கூடாது, பரவ வேண்டும்.

மூன்றாம் முறை, கீழ் ஓரத்தையும் மடித்து, பிளந்து சீவிய மூங்கிலை உள்ளே விட்டேன். மூங்கிலோடு பத்து எடைகள் மட்டும். சுருக்கம் போய்விட்டது. நின்றது. கதவைத் திறந்தால் நாலு சுவரும் ஒன்றாக ஒரு மூச்சு எடுத்துவிட்டு நேராகின்றன.

குறுக்காக வெட்டிச் சேர்த்த துண்டுகள் எடைக்கு நீளும் என்பது தைக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அதனால் இரண்டு நாள் அப்படியே தொங்கவிட்டு, துணி இறங்குகிற அளவு இறங்கியபின், தரைக்கு 4 அங்குலம் இடைவெளி விட்டுக் கீழ் ஓரத்தை மறுபடி மடித்துத் தைத்தேன். மூன்று அங்குலம் இறங்கியிருந்தது. சரியாகச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கூரைக்கு ஓடு, அதைத் தாங்கும் பனைமரப் பனங்கை என்று போகாமல் ஏழு தொம்பைகள் செய்தேன். பழைய வீட்டில் பனங்கை ஏழு, அந்தக் கணக்கு. ஒவ்வொன்றும் நாலடி நீளம், மேலும் கீழும் 18 அங்குல விட்டத்தில் வளையம். 6 மில்லி கம்பி, 14 வளையத்துக்கு நாலரைக் கிலோ. கம்பிக்கு 315, வெல்டிங்குக்கு 280 ரூபாய். இங்கே அவசரத்தில் 18-ஐ மூன்றால் பெருக்கி 54, தையலுக்கு ஒரு அங்குலம் சேர்த்து 55 என்று ஏழையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டேன். சுற்றளவு 56½, தையலோடு 58 வேண்டும். எதுவும் வளையத்தில் ஏறவில்லை. ஏழிலும் நாலு அங்குல மஞ்சள் பட்டை ஒன்று இடைவிட்டுத் தைத்துச் சரிசெய்தேன். இப்போது அந்த மஞ்சள் கோடுகள்தான் ஏழு நிறங்களையும் ஒன்று சேர்க்கின்றன. ஆனாலும் ஒன்றை வெட்டி ஏற்றிப் பார்த்துவிட்டு மற்றதை வெட்டியிருக்க வேண்டும்.

தொம்பைகளின் உள்பக்கமும் கடுக்காய் ஏற்றிய காடாத்துணிதான். ஐப்பசி மழையில் ஷெட் முழுக்க ஈரம். ஒரு வாரம் கழித்து ஏணி போட்டுப் பார்த்தால், வளையம் பட்ட இடத்தில் எல்லாம் கன்னங்கரேலென்று கோடு. துருவென்றால் செம்மண் நிறமாக இருக்க வேண்டும். இது மை மாதிரி கறுப்பு. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. காளஹஸ்திக் கலம்காரித் துணி ஓவியத்தில் கறுப்பு வருவது இப்படித்தானே. அங்கே துணியைக் கடுக்காயிலும் பாலிலும் தோய்த்துக்கொள்வார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவைத்த நீரைத் தொட்டு எழுதுவார்கள். அதற்குக் கசிமி என்று பெயர். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த இடத்தில் கறுப்பு பிடிக்கிறது. என் வளையங்கள் தாமாகவே எழுதியிருக்கின்றன.

அழிக்கப் பார்த்தேன், போகவில்லை. எலுமிச்சைச் சாறு தேய்த்தால் கறுப்பு வெளிறுகிறது, ஆனால் கடுக்காய் மஞ்சளும் கூடவே போய்த் திட்டாகிறது. சரி என்று கோடுகளை விட்டுவிட்டு, வளையங்களுக்குப் பருத்தி நாடா சுற்றி, மேலே மெழுகு தேய்த்தேன். அதன் பிறகு புதுக்கறுப்பு வரவில்லை.

ஆனால் இந்தத் தப்பினால் எனக்கு ஒன்று கிடைத்தது. மாடத்துக்கு மேலே இருந்த கரிப்புகைக்கு என்ன துணி வைப்பது என்று மாதக்கணக்காக முடிவு செய்ய முடியாமல் இருந்தேன். கறுப்புத் துணி வைத்துத் தைத்தால் ஓரம் வெட்டாகத் தெரிகிறது. புகைக்கு ஓரமே கிடையாது. ஒரு மண்சட்டியில் பழைய ஆணிகளும் வெல்லமும் தண்ணீரும் போட்டு, வாயைத் துணியால் கட்டி, பதினெட்டு நாள் வைத்தேன். கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றிய துண்டு ஒன்றை மாடத்துக்கு மேலே தைத்து, மூங்கில் குச்சி முனையில் கம்பளித் துணி சுற்றிக் கட்டி, அந்த நீரைத் தொட்டு, செய்தித்தாளில் எடுத்த உருவத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். தொட்ட கணத்தில் சாம்பல் நிறம். கண் முன்னாலேயே இருண்டுகொண்டு போகிறது. கீழே அடர்த்தியாக, மேலே போகப் போகத் தண்ணீர் கலந்து மெல்லியதாக விட்டேன். இந்த ஒரு கை அகலத் துண்டுதான் மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்தது. இரும்பு நாளடைவில் துணியை அரிக்கும் என்பதால், அந்தத் துண்டைப் பிரித்தெடுத்து ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் மறுபடி தைத்தேன்.

செலவு மொத்தம் 9,221 ரூபாய். காடாத்துணி 2,016, பைப் 4,500, தொம்பைக்கு இரும்பு வளையங்கள் 595, கடுக்காய் 180, நூல்கண்டு பன்னிரண்டு 540, பித்தளை வளையமும் அடிக்கும் கருவியும் 650, கயிறு 300, மஞ்சள் வெளிச்சம் தரும் நாலு எல்.இ.டி. விளக்குகள் 440. இதில் மூலைக் கால் பைப் 1,800-உம் பித்தளை வளையம் 650-உம் வீண். லுங்கியும் எடையும் சித்தப்பா கொடுத்தது. சேலைக்கு விலை போட முடியாது. மொத்தமாகச் சட்டத்தில் தொங்கும் எடை 55 கிலோ அளவுக்கு வரும். அதற்குப் பன்னிரண்டு கயிறு தாராளம்.

எல்லாம் முடிந்து ஆயாவைக் கூட்டிவந்தேன். வாசல் துணியைத் தானே விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். தறிக்குழி இருந்த இடத்தில் தரையில் அவுரி நீலத்துணி விரித்திருந்தேன். அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நேராக மாடத்துக்குப் போனாள். விளக்கு வைப்பது போல வலதுகை போனது. போன கை கரிப்புகைத் துண்டின் மேல் பட்டது. ஒரு கணம் நின்றாள். "இன்னாடி, மாடத்தை எறக்கிட்ட?" என்றாள்.

இல்லை ஆயா, அளவெடுத்துத்தான் தைத்தேன் என்றேன். "உன் அளவு எனக்குத் தெரியாது. என் கை இங்கதான் போவும்" என்று சொல்லி, மறுபடி கையை உயர்த்தினாள். அதே உயரம். டேப்பை எடுத்துவந்து பிடித்தேன். 3 அடி 11 அங்குலம். செய்தித்தாளில் என் கையெழுத்திலேயே 4 அடி 2 என்று இருக்கிறது.

துணி மூன்று அங்குலம் இறங்கியபோது நான் கீழ் ஓரத்தைத்தான் சரிசெய்தேன். தரை இடைவெளி சரியாகிவிட்டது; சுவரில் இருந்த மாடம், ஜன்னல், இரண்டு நாட்காட்டி எல்லாம் இறங்கினபடியே நின்றுவிட்டன. இறங்கியதை மேலேதான் எடுத்திருக்க வேண்டும். இன்னொரு முறை செய்தால் வெறும் லுங்கிச் சுவரை முதலில் எடையோடு ஒரு வாரம் தொங்கவிடுவேன். இறங்கி முடிந்தபின் தொங்கின நிலையிலேயே டேப் பிடித்துக் குறித்து, அதன் பிறகுதான் மாடத்தையும் ஜன்னலையும் தைப்பேன்.

மறுநாள் நாலு சுவரையும் இறக்கி, பைப் மடிப்பைப் பிரித்து, மூன்று அங்குலம் மேலே ஏற்றித் தைத்தேன். மாடம் இடத்துக்கு வந்தது. இப்போது கீழே 7 அங்குலம் இடைவெளி. எடைகள் வெளியே தெரிகின்றன. அதற்கு ஆயாவே வழி சொன்னாள். பழைய சுவரில் அடியில் காவிப்பட்டை அடித்திருந்ததே, அதை ஏன் விட்டாய் என்று கேட்டாள். பெட்டியிலிருந்து ஒரு வெங்கடகிரிச் சேலையை எடுத்துக் கொடுத்தாள்; உடல் நைந்துவிட்டது, சிவப்புக் கரை மட்டும் நன்றாக இருந்தது. இரண்டு பக்கக் கரையும் சேர்த்து 36 அடி. 43 அடிக்கு 7 அடி குறைந்தது. வாசலைப் பார்க்கும் பக்கங்களுக்கெல்லாம் சேலைக்கரையும், பின்சுவரில் 7 அடிக்கு சிவப்பு லுங்கியின் ஓரமுமாக, மூங்கில் மடிப்புக்குக் கீழே தொங்கலாகத் தைத்தேன். எடைகள் மறைந்துவிட்டன. லுங்கி ஓரம் சேரும் இடம் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. தெரிந்து பார்த்தால் தெரியும்.

முந்தாநாள் மறுபடி ஏற்றி, சாயங்காலம் டேப் பிடித்தேன். மாடத்தின் அடிவிளிம்பு 4 அடி 2 அங்குலம். நேற்றுக் காலையிலும் அதேதான்.